பாக்கைத் திறந்து காட்டுங்கோ

பிரான்சில் ஒரு தனியார் காவலாளிக்கு உங்கள் பைக்குள் கையை விடுகிற உரிமை கிடையாது. நீங்கள் பையைத் திறந்து பிடிக்க வேண்டும், அவர் கண்ணால் பார்க்கலாம். கைவிட்டுத் தேடுவதென்றால் முதலில் உங்களைக் கேட்க வேண்டும், நீங்கள் ஓம் சொல்ல வேண்டும். மாட்டேன் என்றால் உள்ளே விடாமல் திருப்பி அனுப்பலாம். அதற்குமேல் அவரால் ஒன்றும் செய்ய இயலாது. உடம்பைத் தடவிப் பார்ப்பதற்கு இன்னும் கூடுதல் நிபந்தனைகள் உண்டு, அதையும் ஆணை ஆணும் பெண்ணைப் பெண்ணும்தான் செய்யலாம்.

இதை எனக்கு 2016 வசந்த காலத்தில், பரிஸ் புறநகர் ஒன்றில் நடந்த பயிற்சி வகுப்பில் படிப்பித்தார்கள். பகல் வகுப்பு, இரவு றெஸ்ரோறன்ற் குசினி. வகுப்பில் ஒரு இருபது பேர் இருந்திருப்போம். மாலி, கொங்கோ, அல்ஜீரியா, ஹெயிட்டி, யாழ்ப்பாணத்தான் ஒருவன். பிரான்சில் பிறந்தவர் என்றால் படிப்பித்த ஆள் மட்டும்தான். அவர் ‘சம்மதம்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் இருந்த மாலிக்காரர் ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டார். பத்து வயதிலிருந்து என் பையைத் திறந்த ஒருவனும் என்னை ஒன்றும் கேட்டதில்லை என்றேன். அவரும் சிரித்தார்.

அந்த வருடம் இந்த வேலைக்கு ஆள் தட்டுப்பாடு. 2015 நவம்பர் 13 இரவு பரிசிலும் சென் டெனியிலும் 130 பேர் கொல்லப்பட்டபின் கடை, தியேட்டர், மியூசியம் என்று எல்லா வாசலிலும் ஒரு மேசையும் ஒரு ஆளும் தேவைப்பட்டார்கள். போதாததுக்கு 2016 ஜூனில் ஐரோப்பிய உதைபந்தாட்டக் கிண்ணம். நான் பரிசுக்கு வெளியே ஒரு கேளிக்கைப் பூங்காவின் வாசலில் மூன்று பருவகாலம் பை பார்த்தேன். எந்தப் பூங்கா என்று எழுதப் போவதில்லை. என்னை வேலைக்கு எடுத்ததும் பூங்கா அல்ல, ஆள் அனுப்புகிற ஒரு கொந்தராத்துக் கொம்பனி. அதன் பெயரும் வேண்டாம்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கத் தொடங்கி, 2006 ஓகஸ்டில் ஏ9 மூடுப்பட்டதோடு பாதியில் விட்டவன் நான். படிப்பு போனாலும் புத்தி போகவில்லை. ஒரே மேசையில் எட்டு மணித்தியாலம் நிற்கிறவனுக்கு ஒரு கேள்வி வரத்தானே செய்யும்: இந்த மேசை எப்போது இந்த வாசலுக்கு வந்தது?

முதலில் வாசலில் இருந்தவர் காசு வாங்குகிறவர் மட்டும்தான். கொப்பன்ஹேகனில் ரிவோலி பூங்கா திறந்தது 1843 ஓகஸ்ட் 15 இல். வாசல் என்பது காசு கொடுக்காதவனை வெளியே நிறுத்த. நூறு வருடத்துக்குப் பிறகும் அதேதான். 1955 ஜூலை 17, கலிபோர்னியாவில் டிஸ்னிலான்ட் திறந்த அன்று பெரிய தலையிடி கள்ள ரிக்கற். அழைத்ததைவிட ஆயிரக்கணக்கில் கூடச் சனம் உள்ளே நின்றது. 1970 ஓகஸ்ட் 6 இல் யிப்பிகள் என்று சொல்லப்பட்ட போர் எதிர்ப்பு இளைஞர்கள் சுமார் 300 பேர் அதே பூங்காவுக்குள் போய், அங்கே இருந்த செயற்கைத் தீவில் வியட்கொங் கொடியை ஏற்றினார்கள். பூங்காவை அன்று நேரத்தோடு மூடினார்கள். அதன்பிறகு வாசலில் உற்றுப் பார்த்தது தலைமயிரையும் உடுப்பையும். பரிசுக்குக் கிழக்கே 1992 ஏப்ரல் 12 இல் திறந்த யூரோ டிஸ்னிக்கு அந்த ஜூனிலேயே வாசலை மறித்தவர்கள் உழவு இயந்திரத்தில் வந்த பிரெஞ்சு விவசாயிகள். உழவு இயந்திரத்தை எந்தப் பையில் தேடுவது!

ரிவோலிக்கு ஒருமுறை வெடி வைத்திருக்கிறார்கள். 1944 ஜூன் 25. வைத்தவர்கள் நாசிகளோடு நின்ற டேனிஷ் கும்பல், டேனிஷ் மக்களின் எதிர்ப்புக்குப் பழிவாங்க. கச்சேரி மண்டபம் எரிந்தது. சில கிழமையில் பூங்காவைத் திரும்பத் திறந்துவிட்டார்கள். அந்தக் கும்பல் ரிக்கற் எடுத்துக்கொண்டு வரவில்லை, அதிகாரத்தின் பக்கத்திலிருந்து வந்தது. அதை எந்த மேசை தடுத்திருக்கும்?

பை திறக்கிற பழக்கம் பூங்காவுக்கு விமான நிலையத்திலிருந்துதான் வந்தது. 1968 தொடக்கம் 1972 வரை அமெரிக்காவில் நூற்றுக்கு மேற்பட்ட விமானக் கடத்தல்கள். 1972 நவம்பரில் கடத்தல்காரர்கள் விமானத்தை ஓக் றிட்ஜ் அணு உலையில் மோதுவோம் என்று வெருட்டினார்கள். 1973 ஜனவரி 5 முதல் அங்கே ஒவ்வொரு பயணியும் ஒவ்வொரு கைப்பையும் சோதனைக்குள் வந்தது. பறப்பதற்கு மட்டும் என்று இருந்த அந்த மேசை, பிறகு மெல்ல மெல்லத் தரைக்கு இறங்கியது.

பிரான்சில் அது இறங்கிய கதை இது. விஜிபிராத் என்கிற பாதுகாப்புத் திட்டம் 1978 இல் எழுதப்பட்டது. 1991 வளைகுடாப் போரின்போது முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. 1995 ஜூலை 25, சென் மிஷேல் நிலையத்தில் ஆர்.ஈ.ஆர் பி றெயினுக்குள் எரிவாயுக் குடுவையில் செய்த குண்டு வெடித்து 8 பேர் இறந்தார்கள். பரிஸ் தெருக் குப்பைத் தொட்டிகளை மூடிவிட்டு, உள்ளே என்ன கிடக்கிறது என்று தெரிகிற பிளாஸ்ரிக் பைகளைத் தொங்கவிட்டது அதற்குப் பிறகுதான். இன்றைக்கும் நாங்கள் சிகரெட் பெட்டியை எறிகிற அந்தப் பைக்குப் பின்னால் எட்டுப் பேர் இருக்கிறார்கள்.

அப்போதும் தனியார் காவலாளிக்குப் பை பார்க்கும் அதிகாரம் சட்டத்தில் இல்லை. தனியார் காவலை ஒழுங்குபடுத்திய 1983 ஜூலை 12 சட்டம், காவலாளி பொலிஸ் மாதிரித் தோன்றக்கூடாது, உடுப்புக்கூட மயங்கும்படி இருக்கக்கூடாது என்பதில்தான் கவனமாக இருந்தது. 2001 செப்ரெம்பர் 11 வந்தது. இரண்டு மாதத்தில், நவம்பர் 15 இல், புதுச் சட்டம். நான் மேலே சொன்ன கண்ணால் பார்க்கலாம், கேட்டுவிட்டுக் கைவிடலாம் என்பது அதில்தான் பிறந்தது. அமெரிக்க டிஸ்னி வாசல்களில் பை மேசை நிரந்தரமானதும் அந்த வருடத்துக்குப் பிறகுதான். உலோகம் கண்டுபிடிக்கும் கதவு அங்கே 2015 டிசம்பர் 17 இல் வந்தது, கூடவே உள்ளே விளையாட்டுத் துவக்கு விற்பதையும் நிறுத்தினார்கள். 2016 ஜனவரி கடைசியில் பரிஸ் டிஸ்னி ஹோட்டல் ஒன்றின் வாசல் சோதனையில் ஒருவரிடம் இரண்டு கைத்துப்பாக்கி பிடிபட்டது. எங்கள் வகுப்பில் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

மூன்று பருவத்தில் நான் ஒரு துவக்கையும் காணவில்லை. கண்டது பிள்ளைத் துடைப்பம், ஈயத்தாளில் சுற்றிய பாண், பால் போத்தல், ஈரக் காற்சட்டை, மருந்துச் சரைகள். ஒரு பையில் பத்து வினாடிக்கு மேல் நின்றால் பின்னால் வரிசை நீளும், வோக்கியில் மேற்பார்வையாளர் கத்துவார். ஒருவருக்கும் ஆபத்து வரக்கூடாது என்றுதான் மேசை போட்டது. அந்த மேசைக்கு முன்னாலேயே, வேலிக்கு வெளியே, ஆயிரம் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். இதை ஒருமுறை கேட்டேன். பதில் வரவில்லை, வேறு வாசலுக்கு மாற்றினார்கள்.

பிரெஞ்சு அப்பப்பாமார் ஒப்பினல் கத்தியோடு வருவார்கள். சவோய் மலைப்பக்கத்தில் 1890 இல் பிறந்த, மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி. எழுபது வயது மனுசன், சீஸ் வெட்டத்தானே என்று கையை விரிப்பார். அவர் கெட்டவர் இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காரில் வைத்துவிட்டு வாங்கோ என்று அனுப்புவேன். ஒருவர் போகும்போது, என்னுடைய நாட்டில் எனக்கா என்று முணுமுணுத்தார். தாடி வைத்த இளந்தகப்பன்மார் அப்படி முணுமுணுப்பதில்லை. அவர்கள் வரிசையில் நிற்கும்போதே பையின் எல்லாச் சிப்பையும் திறந்துவிடுவார்கள். யாரைக் கூட நேரம் பார்க்க வேண்டும் என்று எழுத்தில் எங்கேயும் இல்லை. எழுத்தில் இல்லாததுதான் கன இடத்தில் சட்டம்.

பின்னேரம் வேலை முடிந்து வெளியே போகும்போது எங்கள் பைகளையும் திறந்தார்கள். அது குண்டுக்கு அல்ல, களவுக்கு.

ஒரு ஓகஸ்ட் மாதம் எங்கட சனம், மூன்று தலைமுறை, ஒரு குடும்பம். மருமகன் பிரெஞ்சில் எனக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு நிற்க, அம்மம்மா தன் பையின் முடிச்சை அவிழ்த்து ஒவ்வொன்றாக மேசையில் அடுக்கத் தொடங்கினார். புட்டுப் பாசல், தண்ணீர்ப் போத்தல், பேத்தியின் சட்டை, ஜாம் போத்தலில் இடிச்ச சம்பல். அடுக்கி முடித்ததும் தன்னுடைய வதிவிட அட்டையை எடுத்து, படம் என் பக்கம் தெரியும்படி நெஞ்சுக்கு நேரே பிடித்தார். ஒருவரும் கேட்கவில்லை.

“அம்மா, காட் தேவையில்லை. உள்ளுக்கு வையுங்கோ” என்றேன்.

“தம்பி தமிழே?” என்றவருக்கு அட்டையை உள்ளே வைக்க இன்னும் கை வரவில்லை. “பாத்தாச்சே?”

“பாத்தாச்சு அம்மா. கண்ணாடிப் போத்தல்தான் விடேலாது.”

சம்பலைப் பேத்தியின் பிளாஸ்ரிக் பெட்டிக்கு மாற்றினோம். வரிசை நீண்டது. வோக்கி கத்தியது. கத்தட்டும்.

யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் கொழும்பிலும் நின்றவர்களுக்கு அந்த அட்டை பிடித்த கையை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் பை சோதனை என்றால் குண்டு தேடுவது என்று நினைக்கிற இளம் ஆட்களுக்காக ஒன்று. 90களில் வடக்குக்குப் பொருளாதாரத் தடை. வவுனியாவில் பையைக் கொட்டித் தேடியது ரோச் பற்றரியை. பற்றரி, எரிபொருள், உரம் என்று நீண்ட பட்டியல். குண்டு வைக்காத சனத்தின் பையிலிருந்து வெளிச்சத்தைப் பறித்தார்கள். குண்டும் வெடிக்காமல் இல்லை. 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டில் இறந்தவர்களும் காலையில் சோத்துப்பாசலோடு வேலைக்குப் போன சனம்தான். 2002 இல் பாதை திறந்தபிறகு ஓமந்தையில் ஆமி ஒருமுறை திறந்த பையை, இங்கால் வந்ததும் எங்கட பெடியள் வரிக்காக இன்னொருமுறை திறந்தார்கள். பாக்கைத் திறந்து காட்டுங்கோ அக்கா என்று தமிழில் கேட்டதுதான் வித்தியாசம். இதை எழுதினால் கோபிக்கிறவர்கள் கோபிக்கட்டும்.

ஆமிக்கு அந்தக் கையைக் கொடுத்தவற்றில் முக்கியமானது 1979 ஆம் ஆண்டுப் பயங்கரவாதத் தடைச் சட்டம். மூன்று வருடத்துக்கு மட்டும் என்று கொண்டுவந்தது. 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். இப்போது மேலே சொன்ன பிரெஞ்சுச் சட்டத்துக்கு வாருங்கள். 2001 நவம்பரில் அந்த ஏற்பாடுகளை 2003 டிசம்பர் 31 வரை என்றுதான் எழுதினார்கள். பை பார்க்கும் அதிகாரம் அந்தத் தேதிக்குப் பிறகும் நின்றது. 2012 முதல் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டக் கோவையில் ஒரு பிரிவாகக் குடியேறிவிட்டது. 2015 நவம்பரில் அறிவித்த அவசரகால நிலை 2017 நவம்பர் 1 இல் முடிந்தது. ஆனால் ஒக்ரோபர் 30 சட்டத்தின் மூலம் அதில் கொஞ்சம் சாதாரண சட்டத்துக்குள் வந்துவிட்டது. அதுவும் 2020 முடியும்வரை பரீட்சார்த்தம் என்றார்கள், 2021 ஜூலையில் பரீட்சார்த்தம் போய்விட்டது. இலங்கையையும் பிரான்சையும் ஒரே தராசில் வைக்கிறான் என்று சொல்லாதீர்கள். இங்கே என் கை பைக்குள் போக உங்கள் சம்மதம் வேண்டும், அங்கே வேண்டியதில்லை. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் நாங்கள் கடல் கடந்து வந்தோம். நான் சொல்ல வருவது தேதிகளை மட்டும். தற்காலிகம் என்று எழுதிய தேதியைச் சனம் மறந்துவிடும், மேசை மறக்காது.

வேலையைக் கேவலமாகச் சொல்லவும் மாட்டேன். 2015 நவம்பர் 13 அன்று ஸ்ராட் டு பிரான்ஸ் மைதான வாசலில் ஒரு காவலாளி, ரிக்கற் இல்லாமல் இன்னொருவரின் பின்னால் நுழையப் பார்த்த இளைஞனைத் திருப்பி அனுப்பினார். அந்த இளைஞன் சிறிது நேரத்தில் வெளியே தன்னை வெடிக்கவைத்தான். உள்ளே கிட்டத்தட்ட எண்பதாயிரம் பேர். காவலாளி மொரிசியஸில் பிறந்தவர். 2021 இல் தொடங்கிய பெரிய வழக்கில் அவரும் சாட்சி சொன்னார், அந்த இரவு தன்னை விட்டுப் போகவில்லை என்று. அவர் திறந்து பார்த்தது பையைக்கூட அல்ல. ஆளைப் பார்த்தார், ரிக்கற் கேட்டார், இல்லை என்றார்.

நான் 2018 இலையுதிர் காலத்தோடு விட்டேன். முழங்கால் கொதி ஒன்று, குளிர்காலத்தில் வேலை இல்லாதது மற்றொன்று. குசினியில் நின்றாலும் சூடாவது இருக்கும்.

போன மாதம் லாச்சப்பலில் ஒரு பெடியன், வயது இருபத்தாறு இருக்கும், அண்ணை அந்த செக்கியூரிற்றி வேலை எடுக்கலாமோ என்று கேட்டான். காட் கிடைத்து ஒரு வருடம். 2021 மே 25 சட்டத்தோடு, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வந்தவர் ஐந்து வருடமாவது வதிவிட அட்டை வைத்திருந்தால்தான் அந்தத் தொழில் அட்டை கிடைக்கும் என்று சொன்னேன். விரலில் கணக்குப் பார்த்தான். இப்போது எங்கள் குசினியில் கோப்பை கழுவுகிறான்.