ஐக்கிய அமெரிக்காவில் லொறிப் பரிசோதனை: ஒரு வரலாற்று நோக்கு

ஐக்கிய அமெரிக்காவின் நெடுஞ்சாலைகளிலே பொருளேற்றிச் செல்லும் லொறியொன்றைப் பரிசோதகர் மறித்து நிறுத்தும்போது அவர் தேடுவன இரண்டு. ஒன்று இயந்திரத்தின் பழுது. மற்றது சாரதியின் களைப்பு. முன்னதை அளவுகோல் கொண்டு அளக்கலாம். பின்னதோ சாரதி தானே எழுதிவைத்த நேரக்கணக்கிலிருந்து ஊகிக்கப்பட வேண்டியதாய் நெடுங்காலம் இருந்தது. ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ முப்பது இலட்சம் தடவை நிகழும் இப்பரிசோதனையை வெறும் தொழில்நுட்ப ஏற்பாடாகக் கொள்வோர் பலர். ஆயின் அதன் வரலாற்றை நோக்குமிடத்து, பொருளை அனுப்புவோர், கம்பனி, சாரதி ஆகிய மூவருள் பொறுப்பு யாரைச் சாரும் என்னும் வழக்கே அதனூடு இழையோடுவது புலனாகும்.

இவ்வழக்கு புகையிரதத்துறையில் முன்னரே எழுந்ததொன்று. பிறேக், பெட்டிகளை இணைக்கும் கொளுவி ஆகியன பற்றி 1893 இலும், புகையிரத ஊழியரின் வேலைநேரம் பற்றி 1907 இலும் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1887 இல் தோன்றிய மாநிலங்களிடை வர்த்தக ஆணைக்குழு அவற்றைக் கண்காணித்தது. புகையிரதக் கம்பனிகள் சிலவே. பாதையும் பட்டறையும் அவற்றுக்கே உரியன. பரிசோதகர் பட்டறைக்குச் சென்றால் இயந்திரத்தையும் காணலாம், ஏட்டையும் காணலாம். லொறித்தொழில் அத்தகையதன்று. தவணைப் பணம் கட்ட வல்ல எவரும் லொறியொன்றை வாங்கித் தொழிலில் இறங்கலாம். ஓடும் பாதை அரசினுடையது. லொறி இரவில் நிற்குமிடம் உரிமையாளரின் வீட்டு முற்றமாகவும் இருக்கலாம். பரிசோதனை சாலையோரத்துக்கு வந்தமைக்கு அடிப்படைக் காரணம் இதுவே.

1935 ஆகஸ்ட் 9 இல் ஜனாதிபதி ரூஸ்வெல்ட் கையொப்பமிட்ட மோட்டார் போக்குவரத்துச் சட்டம் லொறிகளை அவ்வாணைக்குழுவின் அதிகாரத்துள் கொண்டுவந்தது. சட்டத்தின் முதன்மை நோக்கம் பாதுகாப்பு அன்று. மந்தக் காலத்தின் கழுத்தறுப்புப் போட்டியைக் கட்டுப்படுத்தி, கட்டணத்தையும் தொழிற்பிரவேசத்தையும் ஒழுங்கு செய்தலே. எனினும் சாரதிகளின் உச்ச வேலைநேரத்தையும் வாகனங்களின் தகுதியையும் நிர்ணயிக்கும் அதிகாரமும் அதனுள் அடங்கியிருந்தது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்புக்கிடையே, நாளொன்றுக்கு 10 மணிநேரம் ஓட்டலாம், ஏழு நாட்களில் 60 மணிநேரம் வேலை செய்யலாம் என்ற விதி 1938 இல் உருப்பெற்றது.

அதே 1938 இல் நியாயமான தொழில் நியமங்கள் சட்டமும் நிறைவேறியது. குறித்த நேரத்துக்கு மேல் உழைப்போருக்கு ஒன்றரை மடங்கு கூலி வழங்கவேண்டும் என்றது அச்சட்டம். ஆனால் எவருடைய வேலைநேரத்தை மேற்படி ஆணைக்குழு நிர்ணயிக்க வல்லதோ அவருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு இல்லை என்ற விலக்கும் அதில் இடம்பெற்றது. களைப்பிலிருந்து சாரதியைக் காக்க வந்த அதிகாரமே, களைப்புக்குரிய கூலியை அவருக்கு மறுப்பதற்கும் காரணமாயிற்று. நீண்ட தூரம் ஓட்டுவோருக்கு மைல் கணக்கிலே கூலி வழங்கும் வழக்கம் நிலைத்தது. மைல் கணக்கிற் கூலி பெறுபவருக்கு நின்ற நேரம் வருவாயற்ற நேரம் என்பது மனங்கொள்ளத்தக்கது.

1967 இல் பாதுகாப்புப் பணி புதிய போக்குவரத்துத் திணைக்களத்துக்கு மாறியது. மாற்றம் பெயரளவிலேயே பெரிது. நாடளாவிய தொழிலுக்குச் சமஷ்டிப் பரிசோதகர் தொகை மிகச் சிறிதாகவே இருந்தது.

பின்னர் வந்த 1980 ஆம் ஆண்டுச் சட்டம் நிலைமையைத் தலைகீழாக்கியது. ஜனாதிபதி கார்ட்டர் ஜூலை 1 இல் கையொப்பமிட்ட அச்சட்டம் தொழிற்பிரவேசக் கட்டுப்பாட்டைப் பெரிதும் தளர்த்தியது. ஒரு தசாப்தத்துள் அனுமதி பெற்ற கம்பனிகளின் தொகை இருமடங்குக்கு மேலாயிற்று, கட்டணம் வீழ்ந்தது, தொழிற்சங்கத்தின் பிடியும் தளர்ந்தது. சந்தையைத் திறந்துவிட்ட அரசு, அதன் விளைவுகளைச் சாலையோரத்திற் காவல் செய்ய வேண்டியதாயிற்று. அதே ஆண்டில் மேற்கு மாநிலங்கள் சில, ஒன்றின் பரிசோதனையை மற்றொன்று ஏற்பதென உடன்பட்டன. இவ்வுடன்பாடே கனடிய மாகாணங்களும் சேர்ந்த வர்த்தக வாகனப் பாதுகாப்புக் கூட்டணியாக வளர்ந்தது. பரிசோதனையிற் தேறிய லொறிக்கு ஒட்டப்படும் சிட்டை மூன்று மாதம் வரை செல்லும். 1982 ஆம் ஆண்டுப் போக்குவரத்து உதவிச் சட்டம் பரிசோதனைக்கென மாநிலங்களுக்குப் பணம் வழங்கத் தொடங்கியது. 80,000 இறாத்தல் நிறையுள்ள லொறிகளையும் இரட்டை இழுவைப் பெட்டிகளையும் மாநிலங்களிடை நெடுஞ்சாலைகளில் அனுமதிக்குமாறு மாநிலங்களைக் கட்டாயப்படுத்தியதும் இதே சட்டந்தான்.

முழுமையான பரிசோதனை இன்று 37 படிகளைக் கொண்டது. அவற்றுள் பிறேக் பரிசோதனையே தலையாயது. லொறியின் பிறேக் காற்றழுத்தத்தால் இயங்குவது. ஒவ்வொரு சில்லருகிலும் உள்ள அறையினுட் காற்றுப் புகுந்து தண்டொன்றைத் தள்ள, அத்தண்டு நெம்பொன்றைத் திருப்ப, பிறேக் கட்டைகள் விரிந்து சில்லோடு சுழலும் ட்ரம்மின் உட்புறத்தை அழுத்தும். கட்டை தேயத்தேயத் தண்டு நெடுந்தூரம் வெளிவர வேண்டியதாகும். சமதரையில் மெல்ல நிறுத்தும் சாரதியின் காலுக்கு இவ்வேறுபாடு தெரியாது. நீண்ட மலையிறக்கத்திலோ ட்ரம் வெப்பத்தால் விரியும்; தண்டு தன் எல்லையை அடைந்துவிடும்; அதற்குமேல் அழுத்த வலுவிராது. ஆதலாற் பரிசோதகர் லொறியின் கீழே புகுந்து தண்டில் வெண்கட்டியால் அடையாளமிட்டு, சாரதியைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லி, தண்டு வெளிவந்த தூரத்தை அளக்கின்றார். பெருவழக்கிலுள்ள ஒருவகை அறைக்கு எல்லை இரண்டு அங்குலம். மொத்தப் பிறேக்குகளில் 20 சதவீதம் பழுதெனின் லொறி அவ்விடத்தை விட்டு நகர முடியாது. ஐந்து அச்சுள்ள லொறிக்குப் பத்துப் பிறேக். இரண்டு பிழைத்தாற் போதும். 1988 முதல் ஆண்டுதோறும் மூன்று நாட்கள் நடைபெறும் பெரும் பரிசோதனையில் முழுமையாகச் சோதிக்கப்படும் வாகனங்களுள் ஏறத்தாழ ஐந்தில் ஒன்று இவ்வாறு நிறுத்தப்படுகின்றது.

சந்தேகமின்றி ஒருவரை மறிக்கும் இவ்வதிகாரம் எங்ஙனம் வந்தது? சாதாரணக் காரோட்டியைக் காரணமின்றி நிறுத்தி அனுமதிப்பத்திரம் கேட்பது அரசியலமைப்புக்கு முரணென 1979 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் லொறிகளை நிறுக்கும் நிலையங்களையும் பரிசோதனை நிலையங்களையும் தீர்ப்புப் பாதிக்காதென அடிக்குறிப்பொன்று கூறியது. 1987 இல் பழைய வாகனங்களைப் பிரித்து விற்கும் கடையொன்று பற்றிய வழக்கில், நெருக்கமாக ஒழுங்குபடுத்தப்பட்ட தொழில்களிற் பிடியாணையின்றிச் சோதனை செய்யலாமென்ற கோட்பாடு மேலும் வலுப்பெற்றது. காரோட்டிக்குரிய தனிமையுரிமை லொறிச் சாரதிக்கு முழுமையாக இல்லை என்பதே இவற்றின் விளைவு.

நேரக்கணக்கு ஏட்டின் வரலாறு இதனை மேலும் தெளிவாக்கும். பொய்க்கணக்கு மலிந்தமையாற் சாரதிகளே அவ்வேட்டைச் சித்திரக்கதைப் புத்தகம் எனப் பகிடி பண்ணுவதுண்டு. பொய்யெழுதியவர் சாரதி, எழுத வைத்தது பெரும்பாலும் பொருள் சேர வேண்டிய நேரம். 2010 இல், விதிமீறிய கம்பனிகளுக்கு மின்னியற் கருவியைக் கட்டாயமாக்கும் விதி வந்தது. கம்பனி அதனைக் கொண்டு சாரதியைத் துன்புறுத்தாதிருக்க என்ன காப்பு என்பதை அரசு ஆராயவில்லை எனக் கூறி 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்விதியை நீக்கியது. 2012 இல் சட்டமன்றம் கருவியைப் பொதுவாகக் கட்டாயமாக்கிற்று. 2015 இல் புதிய விதி எழுந்தது. 2016 இல் அதே நீதிமன்றம், 1987 ஆம் ஆண்டுக் கோட்பாட்டைச் சுட்டி, அதனை ஏற்றது. 2017 டிசம்பர் 18 முதல் விதி நடைமுறைக்கு வந்தது.

இதற்கிடையே, 2010 இல் தொடங்கிய புள்ளிமுறை சாலையோரத்திற் காணும் குற்றங்களைக் கம்பனியின் கணக்கிற் சேர்த்தது. பொறுப்பை மேல்நோக்கி நகர்த்திய முயற்சி இது. ஆயின் சிறு கம்பனிகளுக்கு அது பொருந்தாதென எதிர்ப்பு எழவே, சரக்குக் கம்பனிகளின் தரநிலையைப் பொதுமக்கள் காண்பதை 2015 ஆம் ஆண்டுச் சட்டம் நிறுத்தியது.

2004 முதல் நடைமுறையிலுள்ள விதிப்படி, வேலை தொடங்கிய 14 மணிநேரத்துக்குள்ளேயே 11 மணிநேர ஓட்டம் முடிய வேண்டும். சில விலக்குகள் தவிர இக்கணக்கு இடையில் நிற்பதில்லை. பண்டசாலை வாயிலிற் சாரதி ஐந்து மணிநேரம் காத்திருப்பினும் அந்நேரம் கழிந்ததே. பொய்யெழுத இயலாத கருவி இக்காத்திருப்பைச் சாரதியின் தலையிலேயே சுமத்துகின்றது. விதியை மீறும்படி சாரதியை வற்புறுத்துதல் குற்றமெனப் பொருள் அனுப்புவோரையும் பெறுவோரையும் தரகரையும் முதன்முறையாகப் பெயர் சுட்டிக் கூறும் விதி 2015 நவம்பரில் வெளியானது. அதன்படி முறையிட வேண்டியவர் சாரதியே. 90 நாட்களுக்குள், எழுத்து மூலம், தமக்கு வேலை தருவோருக்கு எதிராக.