டேங்கர் கதையும் பத்து உயிர்களும்: ரமாபாய் நகர், 1997



ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகும் இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில் தொடங்குகின்றன. மக்கள் தங்கள் பிணங்களைத் தேடுகிறார்கள். அரசு தனக்கு ஒரு காரணத்தைத் தேடுகிறது. பெரும்பாலும் அரசே முதலில் முடித்துவிடுகிறது. அந்தக் காரணத்தை மக்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதற்கு மும்பை ரமாபாய் அம்பேத்கர் நகரின் வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கிறேன்.

காட்கோபர் கிழக்கில், கிழக்கு விரைவு நெடுஞ்சாலையை ஒட்டிய தலித் குடியிருப்பு அது. அண்ணலின் துணைவியார் ரமாபாயின் பெயரைத் தாங்கியது. 1997 ஜூலை 11 காலை, அங்குள்ள அம்பேத்கர் சிலையின் கழுத்தில் செருப்பு மாலை கிடப்பதை மக்கள் கண்டார்கள். காவலர்களிடம் முறையிட்டார்கள், பிறகு நெடுஞ்சாலையில் மறியலுக்கு அமர்ந்தார்கள். சற்று நேரத்தில் மாநில ரிசர்வ் போலீஸ் படையின் வண்டி வந்தது. துணை ஆய்வாளர் மனோகர் கதம் உத்தரவிட, படையினர் சுட்டார்கள். 10 பேர் இறந்தார்கள். மறியலில் கலந்துகொள்ளாமல் வீட்டருகே நின்றவர்களும் அவர்களில் உண்டு. அப்போது மகாராஷ்டிரத்தை ஆண்டது சிவசேனா - பாஜக கூட்டணி.

நான்கு நாட்கள் கழித்து, ஜூலை 15 அன்று, பாடகர் விலாஸ் கோக்ரே தற்கொலை செய்துகொண்டார். தொழிலாளர்களுக்காகவும் ஒடுக்கப்பட்டோருக்காகவும் இடதுசாரி மேடைகளில் பாடிய தலித் கலைஞர் அவர். அந்தச் சாவிலிருந்து தொடங்கிய ஆனந்த் பட்வர்தன், 14 ஆண்டுகள் உழைத்து 'ஜெய்பீம் காம்ரேட்' ஆவணப்படத்தை முடித்தார்.

இனி அரசு சொன்ன காரணத்துக்கு வருவோம். சாலையில் எரிவாயு டேங்கர் லாரிகள் நின்றன, கூட்டம் அவற்றுக்குத் தீ வைக்க முயன்றது, அவை வெடித்திருந்தால் பெரும் அழிவு நேர்ந்திருக்கும், அதைத் தடுக்கவே சுட்டோம் என்றது காவல்துறை. இந்தக் கதையின் வேலை என்ன என்று பாருங்கள். செருப்பு மாலையால் அவமதிக்கப்பட்டவர்கள் ஒரே நாளில் நகரத்தையே கொளுத்த வந்தவர்கள் ஆகிவிடுகிறார்கள். சுட்டவர்களோ நகரத்தைக் காப்பாற்றியவர்கள் ஆகிவிடுகிறார்கள். சாதிக்கு இங்கே பெயரே இல்லை. ஆனால் தலித் மக்கள் தெருவில் கூடினாலே ஆபத்து என்ற பொதுப்புத்தி இல்லாமல் இந்தக் கதை ஒரு நாள்கூட நிற்காது.

அதை ரமாபாய் நகர் மக்கள் நிற்கவிடவில்லை. எங்கே நின்றோம், யார் எங்கே விழுந்தார், வண்டி எங்கே நின்றது என்று சாட்சி சொன்னார்கள். மனித உரிமை அமைப்புகள் தனியே விசாரித்தன. அரசு அமைத்த நீதிபதி குண்டேவார் ஆணையத்தின் அறிக்கை 1998 இறுதியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. டேங்கர் வாதத்தை ஆணையம் ஏற்கவில்லை. துப்பாக்கிச் சூடு தேவையற்றது என்றது, கதமைப் பொறுப்பாக்கியது.

இத்தோடு நீதி கிடைத்துவிட்டதாக நினைக்கக் கூடாது. 1952ஆம் ஆண்டு விசாரணை ஆணையச் சட்டப்படி அமையும் ஆணையம் உண்மையைக் கண்டறியலாம், பரிந்துரைக்கலாம். யாரையும் தண்டிக்க அதற்கு அதிகாரம் இல்லை. தண்டனைக்குத் தனி வழக்கு வேண்டும். அங்கேதான் அடுத்த மதில் நிற்கிறது. கூட்டத்தைக் கலைக்கும்போது செய்த செயல் என்று காவலர் சொன்னால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 132ஆம் பிரிவின்படி அரசின் அனுமதி இல்லாமல் அவர்மீது வழக்கு நடத்த முடியாது. சுட்டவரை விசாரிக்க, அவருக்குத் துப்பாக்கி கொடுத்தவரிடமே அனுமதி கேட்க வேண்டும்.

இவ்வளவையும் தாண்டி, 2009 மே மாதம் மும்பை அமர்வு நீதிமன்றம் கதமைக் குற்றவாளி என்றது. கொலைக் குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்ற பிரிவில் ஆயுள் தண்டனை விதித்தது. ஏறத்தாழ 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. சில நாட்களிலேயே உயர் நீதிமன்றம் அவருக்குப் பிணை வழங்கியது.

இதைத் தோல்வி என்று சொல்லிவிட்டுப் போகலாமா? தலித் மக்களைச் சுட்டதற்காக ஒரு காவல் அதிகாரி ஆயுள் தண்டனை பெறுவது இந்த நாட்டில் எத்தனை அரிது என்பது உங்களுக்குத் தெரியும். நம் பரமக்குடியை நினைத்துப் பாருங்கள். 2011 செப்டம்பர் 11, தியாகி இமானுவேல் சேகரன் நினைவு நாளில் காவல்துறை சுட்டு நம் மக்கள் மாண்டார்கள். அங்கும் ஆணையம் அமைந்தது. துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்று அது சொல்லிவிட்டது. மும்பையில் உடைந்த கதை இங்கே அரசு முத்திரையோடு நிலைத்தது.

அதே நேரத்தில், மும்பைத் தீர்ப்பின் எல்லையையும் பார்க்க வேண்டும். பொறுப்பு ஒரு துணை ஆய்வாளரோடு நின்றது. மறியலுக்கு அமர்ந்த மக்களை நோக்கித் துப்பாக்கியோடு படையை அனுப்பிய நிர்வாகம் குற்றவாளிக் கூண்டுக்கு வரவில்லை. தனிமனிதரின் தவறாகச் சுருக்கினால் அரசு தப்பித்துக்கொள்ளும். ஆகவே தண்டனை கோரும்போதே உத்தரவின் சங்கிலியையும் நாம் கோர வேண்டும்: யார் அனுப்பினார், யார் ஆயுதம் கொடுத்தார், எச்சரிக்கை ஏன் இல்லை, சிலையருகே இருந்த காவலர்கள் காலையில் என்ன செய்துகொண்டிருந்தார்கள்?

இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களுக்கு ஒன்று சொல்வேன். உண்மை அறியும் பணி அறிக்கை எழுதும்போது தொடங்குவதில்லை, முதல் நாளிலேயே தொடங்குகிறது. யார் எங்கே நின்றார் என்று வரைபடம் போடுங்கள். காயம்பட்டவரின் மருத்துவச் சீட்டைப் படியெடுங்கள். உடற்கூறாய்வு அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள், குண்டு முன்னால் பாய்ந்ததா முதுகில் பாய்ந்ததா என்பதை அதுதான் சொல்லும். சாட்சி சொல்லும் பெண்களின் பெயரைப் பாதுகாத்து, அவர்கள் சொன்னதைச் சொன்ன மொழியிலேயே எழுதுங்கள். வழக்கு பத்தாண்டு இழுத்தாலும் அவர்களைத் தனியே நீதிமன்றத்துக்கு அனுப்பாதீர்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 11 அன்று ரமாபாய் நகரில் மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது சடங்காகத் தெரியலாம். 12 ஆண்டுகள் சாட்சிகள் கலையாமல் நின்றதற்கு அந்தக் கூடுகையும் ஒரு காரணம். நாம் இங்கே கூடியிருப்பதற்கும் அந்தப் பயன் இருக்கட்டும்.