ஒக்டோபர் 1990: புத்தளத்துக் கிணறுகள்



ஒவ்வோர் ஒக்டோபரிலும் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தை நினைவுகூருகிறோம். யார் விரட்டினார்கள், எவ்வளவு நேரம் கொடுத்தார்கள் என்பது நம் பிள்ளைகளுக்குத் தெரியும். வந்தவர்கள் யாருடைய தண்ணீரைக் குடித்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது.

1990 ஒக்டோபர் பிற்பகுதியில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்திலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவிலிருந்து பலர் வள்ளங்களில் கற்பிட்டிக் கரைக்கு வந்தார்கள். பெரும்பாலானோர் புத்தளம் மாவட்டத்திலேயே தங்கினார்கள். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் நிறைந்தன. பிறகு தென்னந்தோட்டங்களில் கிடுகுக் கொட்டில்கள் எழுந்தன. முதலில் கைகொடுத்தவை ஊரவர்களின் கிணறுகள்.

கற்பிட்டி மணல் நிலம். மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீரின் மேல் மெல்லிய படையாக நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். மலசலகூடக் குழி பக்கத்தில் இருந்தால் அழுக்கு மணல் வழியே கிணற்றுக்கு வரும். அப்படிப்பட்ட தண்ணீரைத்தான் அவர்கள் பகிர்ந்தார்கள்.

1994இல் ருவாண்டா அகதிகள் அன்றைய சயீர் நாட்டின் கோமாவில் குவிந்தபோது, கொலராவும் வயிற்றுளைவும் சில வாரங்களில் பல்லாயிரம் உயிர்களைக் கொண்டுபோயின. அதன் பின்னரே நிவாரண அமைப்புகள் கூடி ‘ஸ்பியர்’ என்ற அளவுகோலை வகுத்தன. ஆளுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 15 லீற்றர். ஒரு திறந்த கிணற்றுக்கு 400 பேர். மலசலகூடக் குழி தண்ணீரிலிருந்து 30 மீற்றர் தள்ளி.

கணக்குப் போடுங்கள். 400 பேருக்கு 15 லீற்றர் என்றால் 6,000 லீற்றர். நிமிடத்துக்குப் பன்னிரண்டரை லீற்றர் இறைத்தாலும் ஓயாமல் 8 மணிநேரம். ஊர்க் குடும்பங்களுக்கும் அதே கிணறுதான்.

பிற்காலத்தில் தண்ணீருக்காகவும் காணிக்காகவும் இரு தரப்புக்கும் முறுகல் வந்தது உண்மை. அதை வைத்து ஊரவரை நன்றியில்லாமல் பேசுவதும், வந்தவர்களைச் சுமை என்பதும் நியாயமில்லை. சில நாட்களுக்கென்று திறந்த கிணறு பல வருடங்கள் இறைக்கப்பட்டது. முகாம்களுக்குப் போதிய நீர் கொடுக்க வேண்டியது அரசின் கடமை.

கிணறு தந்த பெரியவர்கள் சிலர் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்தக் கிணறு, எத்தனை குடும்பம், எத்தனை வருடம் என்று அவர்களிடம் கேட்டுப் பிள்ளைகளை எழுதிவைக்கச் சொல்லுங்கள். அதுவும் நம் வரலாறுதான்.