பாட்டன் பெயரும் பட்டப் பெயரும்

தமிழருக்குக் குடும்பப் பெயர் உண்டா என்று ஆங்கிலம் பயின்ற நம் இளைஞர் வினவுகின்றனர். அரசாங்கப் படிவத்தில் அதற்கென ஒரு கட்டம் இருக்க, அதில் எழுத ஒன்றுமில்லையே என்று நாணுகின்றனர். நாணுதல் வேண்டா. நம் முன்னோர் முறை வேறு.

முல்லைப்பாட்டை இயற்றியவர் காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார். ஊரும், தந்தையின் தொழிலும், தம் பெயரும் அதில் அடங்கிவிட்டன. பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவதும் நம் வழக்கமே. 'பேரன்' என்னும் சொல் 'பெயரன்' என்பதன் மரூஉ. ஆதலால் ஒரு தலைமுறையில் மறைந்த பெயர் அடுத்த தலைமுறையில் தோன்றும். குடிவழி தேடுவோர்க்கு இது நல்ல துணை.

கடல் கடந்தபின் இம்முறை என்னவாயிற்று? மலாயாவுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறை 1910-இல் ஒழிந்தது. கங்காணி வழி ஆள் கட்டுதலை இந்திய அரசாங்கம் 1938-இல் தடுத்தது. அதுவரை திருச்சி, தஞ்சை, சேலம், ஆர்க்காடு ஆகிய சீமைகளிலிருந்து வந்தோர் பல்லாயிரவர். தோட்டத்துப் பெரட்டுக் கணக்கிற்கு 'இன்னார் மகன் இன்னார்' என்பதே போதும்; ஊர்ப் பெயரால் அங்கே பயனில்லை. ஆங்கிலத்தில் ழகரமும் இல்லை. கிராணியின் செவிக்கு எட்டியதே எழுத்தாயிற்று. லட்சுமி 'லெட்சுமி' ஆனாள். கிராணி வேலை பார்க்கும் நான் இதை நன்கறிவேன்.

குப்பன், பிச்சை என்னும் பெயர்களை இழிவென எண்ணற்க. முன் பிறந்த பிள்ளைகள் இறந்துபட்ட வீட்டில், பின் பிறந்த மகவைக் குப்பையில் கிடத்தி எடுத்தும், பிச்சையாய்ப் பெற்றதாகப் பாவித்தும் அப்பெயர்களை இட்டனர். அவற்றின் பின்னே ஒரு தாயின் கண்ணீர் நிற்கிறது.

சிலரோ குடிவழி தேடப் புகுந்து, சாதிப் பட்டத்தைக் கண்டெடுத்து, அதுவே குடும்பப் பெயர் என்று மகனுக்குச் சூட்டுகின்றனர். அந்தோ! பட்டம் ஒரு குடும்பத்தின் உடைமையன்று; ஆயிரமாயிரம் குடும்பங்களுக்குப் பொது. அது பாட்டன் யாரென்று காட்டாது. யார் மேல், யார் கீழ் என்பதையே காட்டும். 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு அதனைக் கைவிடுமாறு கேட்டது இதனாலன்றோ?

அங்ஙனமாயின் எங்கே தேடுவது? கங்காணி பெரும்பாலும் தன் ஊரிலும் அக்கம்பக்கத்திலுமே ஆள் சேர்த்தான். ஆகவே பாட்டனுடன் ஒரே லயத்தில் வாழ்ந்தோரின் மக்களைக் கேளுங்கள். அவர்கள் ஊருக்கு அருகிலேயே உங்கள் ஊரும் இருக்கக்கூடும். குலதெய்வத்தை நம்பாதவரும் அதன் பெயரைக் கேட்டுக் குறித்துக்கொள்க. அக்கோயில் உள்ள ஊர் பாட்டன் ஊராகவோ அதற்கு அண்மையதாகவோ இருத்தல் கூடும். பழைய கடித உறைகளையும் பணம் அனுப்பிய ரசீதுகளையும் எரித்துவிடாதீர். ஊர்ப் பெயரும் தபாலாபீசும் அவற்றில் உண்டு.

லயங்கள் இடிகின்றன, சொல்லத்தக்க முதியோரும் குறைகின்றனர். வருகிற ஞாயிறன்றே ஒரு முதியவரிடம் சென்று ஊர்ப் பெயரையும் பாட்டன் பெயரையும் எழுதி வாங்குங்கள். பாட்டியின் பெயரையும் கேட்க மறவாதீர். தந்தை பெயரையே தாங்கும் நம் முறையில் முதலில் அழிந்துபோவது அவள் பெயரே.