ஊவா தோட்டங்களில் திருவருகைக் காலம்: ‘ஆயத்தம்’ என்னும் சொல்லின் வரலாறு

கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்திய நான்கு ஞாயிறுகளைக் கொண்டது திருவருகைக் காலம். நவம்பர் 30ஆம் தேதிக்கு மிக அருகில் வரும் ஞாயிறு அதன் தொடக்கம். பழைய தலைமுறைக் கத்தோலிக்கருக்கு இது ஆகமன காலம், அங்கிலிக்கருக்கு அட்வெந்து. ஊவாவின் பதுளைப் பக்கம் இது வடகீழ்ப் பருவமழையோடு சேர்ந்தே வருகிறது. மலைச்சரிவில் மண் இளகி, பாதைகள் அறுந்துபோகும் மாதங்கள் அவை. ஆண்டவருக்கு வழியை ஆயத்தம் செய்யுங்கள், பள்ளங்கள் நிரம்பும், மலைகள் தாழும், கோணலான வழி நேராகும் என எசாயா உரைத்ததும் திருமுழுக்கு யோவான் எடுத்துச் சொன்னதும் இக்காலத்தின் முதன்மை வாசகங்களில் ஒன்று. பாதை வெட்டிய கைகளுக்கு அது உவமையாக மட்டும் இருந்திருக்க முடியாது.

பதுளை நகரின் புனித மாற்கு ஆலயம் 1857இல், பாதை அமைத்த ஓர் அதிகாரியின் நினைவாகவே எழுந்தது. ஊவாவில் பாதைகள் போட்ட மேஜர் தாமஸ் வில்லியம் ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தவர். அக்காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் கோப்பித் தோட்டங்களுக்குக் கால்நடையாகவே ஏறினர்.

அவர்களிடையே ஊழியம் செய்ய 1854இல் தமிழ்க் கூலி மிஷன் தொடங்கியது. திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்களே அதன் முதுகெலும்பு. அவர்கள் கையிலிருந்த அங்கிலிக்க வழிபாட்டு மரபில், இருளின் செயல்களைக் களையும் மன்றாட்டோடு அட்வெந்து தொடங்கும். 1549இல் கிரான்மர் வகுத்தது அது. ஆயத்தம் என்பது அங்கே தனிமனிதர் மனந்திரும்புதல். கத்தோலிக்கரிடம் அது பாவசங்கீர்த்தனமாக இருந்தது. பூசை லத்தீனில் நடந்தது. இரு மரபினருக்கும் மனத்தைத் துடைப்பதும், தோட்ட வரிசை வீடான லயத்தின் பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவை மெழுகி வெள்ளையடிப்பதும் ஒரே வேலையின் இரு பக்கங்கள். லயத்தில் பிறந்த பக்திக்கு இதைவிட நெருக்கமான படம் இல்லை.

திருப்பம் 1963 டிசம்பர் 4இல் வந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு அன்று வெளியாகி, தாய்மொழி வழிபாட்டுக்கு வழி திறந்தது. 1969இன் நெறிமுறைகள் திருவருகையைப் பக்தியும் மகிழ்ச்சியும் கலந்த எதிர்பார்ப்பின் காலம் என்றன. 1972 டிசம்பர் 18இல் பதுளை மறைமாவட்டம் உருவானது. அதுவும் திருவருகைக் காலத்தின் இறுதி நாள்களிலேயே. கண்டி ஆயராயிருந்த லியோ நாணயக்கார, இந்த ஏழை மறைமாவட்டத்தை விரும்பி ஏற்றார். பண்டாரவளையில் அவர் நிறுவிய ‘சேவக செவன’ குருமடம், வருங்காலக் குருக்களைச் சிங்களக் கிராமத்தாரோடும் தோட்டத் தமிழரோடும் பழக வைத்தது.

அத்தோட்டத் தமிழருக்குக் காத்திருப்பைப் பற்றி யாரும் போதிக்க வேண்டியிருக்கவில்லை. 1948இல் குடியுரிமை பறிபோயிருந்தது. இந்தியாவும் இலங்கையும் 1964இல் செய்த ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. ஒரே வீட்டில் அண்ணன் கடவுச்சீட்டுக்கும் தம்பி பிரஜாவுரிமைக்கும் காத்திருக்கலாம் என்ற நிலையில், மனத்தை மட்டும் தூய்மையாக்கும் ஆயத்தம் போதாது. மேடு பள்ளம் சமனாவது இம்மண்ணில் நீதியையும் குறிக்கும் என்ற வாசிப்புக்கு இங்கே உரிமை உண்டு.

2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. ஒரு மாதம் கழித்து, நவம்பர் 30இல், திருவருகையின் முதல் ஞாயிறு வந்தபோது பிழைத்தவர்கள் இன்னும் வீடு திரும்பியிருக்கவில்லை. 2025இலும் முதல் ஞாயிறு நவம்பர் 30. அதற்கு இரு நாள் முன்புதான் டித்வா புயல் இலங்கையைத் தாக்கி, பதுளை மாவட்டத்து மலைகளை மீண்டும் சரித்திருந்தது.