இருபது பாட்டில் பார்த்தால் போதுமா?

"சாம்பிள் சைஸ்" என்றாலே எனக்குத் தூக்கம் வரும். டெவன்போர்ட் கதையைப் படித்த அன்று வரவில்லை.

1972 மார்ச். இங்கிலாந்தில், பிளைமவுத் நகரின் டெவன்போர்ட் மருத்துவமனை. டெக்ஸ்ட்ரோஸ் டிரிப்ஸ் ஏற்றப்பட்ட நோயாளிகள் சிலர் திடீரென மோசமானார்கள். பார்த்தால், பாட்டிலுக்குள் பாக்டீரியா! ஐந்து பேரின் சாவில் அதற்குப் பங்கு உண்டு என்று கருதப்பட்டது.

விசாரித்தது கிளாதியர் குழு. அந்தப் பாட்டில்கள் 1971 ஏப்ரலில் தயாரானவை. ஆட்டோகிளேவில் (நம்ம பிரஷர் குக்கரின் பெரியண்ணன்) காற்று முழுதாக வெளியேறாமல் அடியில் தங்கிவிட, கீழே இருந்த பாட்டில்கள் சரியாகச் சூடாகவில்லை. ஒரு தெர்மாமீட்டர் அதைக் காட்டியும் இருக்கிறது. கருவிதான் ரிப்பேர் என்று விட்டுவிட்டார்கள். பிறகு மாதிரி எடுத்துச் சோதித்தார்கள். பாஸ்!

எப்படி? கணக்கு போட்டுப் பாருங்க. நூற்றுக்கு ஒன்று கெட்டிருந்தால், 20 பாட்டில் எடுத்தும் கெட்டது ஒன்றுகூடச் சிக்காமல் போக 82% வாய்ப்பு. ஆயிரத்துக்கு ஒன்று என்றால், 95% உறுதியோடு பிடிக்க சுமார் 3000 பாட்டிலைத் திறக்கணும். திறந்ததை விற்க முடியுமா? இதுவும் குலுக்கல் முறையில் எடுத்தால்தான். மேல்தட்டில் மட்டும் எடுத்தால் எத்தனை எடுத்தும் வீண்.

இன்று சிரிஞ்சு, கதீட்டர் போன்றவற்றில் உயிருள்ள கிருமி இருக்கும் வாய்ப்பு பொதுவாக 10 லட்சத்தில் ஒன்றைத் தாண்டக்கூடாது. எண்ணிப் பார்த்து நிரூபிக்கவே முடியாத அளவு இது. அதனால் கிருமிநீக்கும் முறையையே சோதித்து உறுதி செய்கிறார்கள். அதற்கு முன்னால் பொருளில் எவ்வளவு கிருமி ஒட்டியிருக்கிறது என்று எண்ணவும் சாம்பிள் எடுக்கிறார்கள். அங்கே பத்துப் பொருள் போதும் என்பதெல்லாம் தனிக் கதை.