சந்திரன் சாபமும் சென்னைச் சோதனையும்

இருபத்தேழு மனைவியரை மணந்தானாம் சந்திரன். ரோகிணி ஒருத்தியிடமே மையல் கொண்டானாம். மற்றப் பெண்கள் கண்ணீர் வடிக்க, மாமன் தக்கன் சபித்தானாம். அன்று முதல் சந்திரனின் உடல் தேயலாயிற்றாம். அந்தத் தேய்வுக்கு 'ராஜயட்சுமா' என்று பெயர் சூட்டினர் புராணிகர். நாம் காசநோய் என்கிறோம்.

கேட்க இனிக்கும் கதைதான். ஆனால், இருமி இருமி இரத்தம் கக்கிய ஏழைக்கு அக்கதை தந்தது என்ன? நோயைச் சாபம் என்றது. நோயாளியைப் பாவி என்றது. பரிகாரம் செய்தான், உண்டியல் நிறைந்தது, உயிர் போயிற்று!

1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள், பெர்லின் நகரில் ராபர்ட் கோக் என்னும் மருத்துவர், இந்நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுவிட்டதாக அறிவித்தார். தக்கனின் சாபம் அன்றே பொய்த்தது. ஆயினும் கிருமியை வெல்லும் மருந்துகள் கிடைக்க அறுபது ஆண்டுகளுக்கு மேலாயின. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952-இல் ஐசோனியசிட்டும் வந்தன.

மருந்து வந்தது, பழைய நம்பிக்கையோ போகவில்லை. நல்ல காற்று, முழு ஓய்வு, சத்துணவு, பல மாத மருத்துவமனை வாசம் ஆகியவை இன்றிக் காசநோய் தீராது என்றே கற்றறிந்த மருத்துவரும் எண்ணினர். செல்வ நாடுகளுக்கு அது இயலும். நோயாளிகள் இலட்சக்கணக்கிலும் படுக்கைகள் ஆயிரக்கணக்கிலும் இருந்த நம் நாட்டில் என் செய்வது? கூலிக்குப் போனால்தான் கஞ்சி என்றிருப்பவன் ஓராண்டு ஓய்வுக்கு எங்கே போவான்?

இந்தக் கேள்விக்கு விடை காணவே 1956-இல் சென்னையில் ஓர் ஆய்வு மையம் எழுந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் கைகோத்தன. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் ஆய்வை நடத்தினார்.

நகரின் ஏழை மக்களுள் 193 நோயாளிகளைத் தேர்ந்தனர். குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மருத்துவமனைக்குச் சென்றனர்; மறு பிரிவினர் தம் வீட்டிலேயே தங்கினர். மருந்து இருவர்க்கும் ஒன்றே, காலமும் ஓராண்டே. முன்னவர்க்கு ஓய்வும் நல்லுணவும் செவிலியர் பணிவிடையும் இருந்தன. பின்னவர்க்கு நெரிசலும் எளிய உணவும் உழைப்புமே இருந்தன. மருந்தை உண்கின்றனரா என்றறிய, சொல்லாமல் வீட்டுக்குச் சென்று சிறுநீரைச் சோதித்தனர்.

1959-இல் முடிவு வெளியாயிற்று. மருத்துவமனையில் இருந்தோரில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் இருந்தோரில் 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது! வீட்டில் உடனிருந்தோர்க்கு நோய் கூடுதலாகத் தொற்றியதா? ஐந்தாண்டு கவனித்தும் அப்படிக் காணவில்லை. மருந்தை ஒழுங்காக உண்பதே உயிர்நிலை என்பது புலனாயிற்று. 1962-இல் வகுக்கப்பட்ட நாட்டின் காசநோய்த் திட்டம் வீட்டு மருத்துவத்தையே அடிப்படையாகக் கொண்டது. பிற நாடுகளும் அவ்வழியே நடந்தன. சென்னையின் ஏழைக் குடிசைகள் உலகுக்கே பாடம் கற்பித்தன.

தோழர்களே, இவ்வரலாற்றில் நாம் கொள்ள வேண்டியது யாது? தக்கன் சாபத்தை மறுப்பது எளிது. அது பகுத்தறிவின் முதற்படி. கற்றவர் நம்பிக்கையையும் சோதித்துப் பார்ப்பதே அடுத்த படி. பன்னாட்டுக் கூட்டு என்பதும் செல்வர் ஈயும் பிச்சையாகிவிடலாகாது. ஏழையின் கேள்வியை ஏழையின் வாசலிலேயே ஆராய்ந்ததால்தான் சென்னைக் கூட்டு பெருமை பெற்றது.

உணவு வேண்டாம் என்று பொருளா? அன்று! ஜார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஆய்வு, நோயாளியின் குடும்பத்துக்குச் சத்துணவு வழங்கினால் அக்குடும்பத்தில் புதிதாக நோய் தோன்றுவது வெகுவாகக் குறைகிறது என்று மெய்ப்பித்தது. மருந்து நோயைத் தீர்க்கும். நோய் வராமல் காக்கச் சோறும் வேண்டும்.

உலகக் காசநோயாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் இன்றும் இந்தியரே. வெட்கத்தால் மறைப்போரும், இருமல் நின்றதும் மருந்தை நிறுத்துவோரும் நம் தெருவிலேயே உள்ளனர். அவர்தம் வாசலுக்குச் செல்வோம். சாபம் இல்லை, மருந்து உண்டு, முடியும்வரை உண்ணுங்கள் என்று சொல்வோம். மேடையில் தக்கனை எள்ளி நகைத்துவிட்டு, அண்டை வீட்டு நோயாளியைக் கண்டு ஒதுங்கினால், நாமும் தக்கனின் உறவினரே!